பீகிளின் கயிறுகள்

மரக்கப்பல் மாதிரி செய்வோரின் வீடுகளில் பாய்மரம் ஏறாத கப்பல்களே அதிகம். ஏளனமாக இதைச் சொல்லவில்லை. கப்பலின் உடற்பகுதி தச்சு வேலை. சட்டங்களை நிறுத்தி, மெல்லிய பட்டிகளை நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் வடிவம் கைக்கு வந்துவிடும். அதன்பின் பெட்டியிலிருந்து நூற்கண்டுகளும் மிளகளவேயான கப்பிகளும் வெளியே வரும். வரைபடத்தின் கடைசித் தாளைப் பிரித்தால் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பின்னிய கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண். பலர் அந்த இடத்தில்தான் கப்பலைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறார்கள்.

நாங்கள் இருவர், ஒரே மேசையின் இருபுறமும் உட்காருபவர்கள். எங்கள் பீகிளும் சில மாதங்கள் அந்த மேல்தட்டில் இருந்தது. கீழே இறக்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

பீகிளைத் தேர்ந்தெடுத்ததற்கு டார்வின் பாதிக் காரணம். மீதிக் காரணம் அதன் எளிமை. 1820-இல் வுல்விச்சில் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல் செரோக்கி வகையைச் சேர்ந்தது. அவ்வகையில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. மூழ்கியவை பல என்பதால் மாலுமிகள் அவற்றுக்குச் சவப்பெட்டி என்றே பட்டப்பெயர் வைத்திருந்தனர். முதலில் இரண்டே பாய்மரங்கள். 1825-இல் நில அளவைப் பயணத்துக்காகப் பின்புறம் மூன்றாவது மரம் நட்டார்கள். நீளம் ஏறக்குறைய 27.5 மீட்டர், எங்கள் மாதிரி 1:60 அளவு என்பதால் உடற்பகுதி மட்டும் 46 சென்டிமீட்டர். 70-க்கும் மேற்பட்டோர் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் உண்டு உறங்கிச் சண்டையிட்டு உலகைச் சுற்றிவந்த இடம், மேசையில் வைத்தால் ஒரு முழ நீளம்.

1831-இல் ஃபிட்ஸ்ராயின் கீழ் அது மாற்றிக் கட்டப்பட்டது. மாற்றியமைத்த கப்பலுக்கு மூல வரைபடம் இல்லை. அவ்வகைக் கப்பல்களின் பொது வரைபடங்கள் இருக்கின்றன. உடன் பயணம் செய்த பிலிப் கிட்லி கிங் பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து வரைந்த படங்கள் இருக்கின்றன. இவற்றையும் பிறவற்றையும் ஒப்பிட்டுக் கார்ல் ஹைன்ஸ் மார்க்வார்ட் 1997-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெட்டியோடு வந்த வரைபடம் ஒன்று சொல்ல, மார்க்வார்ட் வேறொன்று சொல்லும் இடங்களில் நாங்கள் மார்க்வார்ட் பக்கம் நின்றோம். நினைவிலிருந்து வரைந்த முதியவருக்கும் நூலகத்தில் அமர்ந்த ஆய்வாளருக்கும் நடுவில் எங்கோ உண்மைக் கப்பல் இருந்திருக்க வேண்டும்.

பாய்க்கப்பலின் கயிறுகள் இரண்டு குலத்தவை. ஒரு குலம் அசையாதது. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. தாரில் ஊறிக் கறுத்திருக்கும். மற்றது ஓடும் குலம். கப்பிகளின் வழியே ஓடிப் பாயை ஏற்றும், இறக்கும், திருப்பும், சுருட்டும். கையில் பிடித்து இழுப்பதற்கானவை ஆதலால் இவை வெளிர் நிறத்தில் இருக்கும். மாதிரி செய்பவர் முதலில் கறுப்பைக் கட்டி முடித்துவிட்டுத்தான் வெளிறியதைத் தொட வேண்டும்.

கறுப்புக் கயிறுகளிலும் வரிசை உண்டு. பாய்மரத்தை இருபக்கமும் இழுத்துப் பிடிப்பவற்றுக்கு ஆங்கிலத்தில் ஷ்ரௌட் என்று பெயர். அதே சொல்லுக்குப் பிணத்துணி என்றும் பொருள் இருப்பதால் எங்களுக்குள் அதைப் பக்கக் கயிறு என்றே சொல்லிக்கொண்டோம். ஒரு நீளக் கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பில் கண்ணி கட்டிப் பாய்மரத்தின் தோளில் மாட்டுவார்கள். இரு நுனிகளும் ஒரே பக்கமாக இறங்கும். வலப்பக்கத்து முன்சோடி முதலில். அடுத்து இடப்பக்கத்து முன்சோடி. பிறகு மீண்டும் வலம், மீண்டும் இடம். கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். எல்லாவற்றுக்கும் மேலே, மரத்தை முன்னோக்கி இழுக்கும் தடித்த கயிறு. முன்கயிற்றை முறுக்கினால் பக்கக் கயிறுகள் இறுகும். பக்கக் கயிறுகளை முறுக்கினால் முன்கயிற்றின் இறுக்கமும் மாறும். வீணையில் ஒரு தந்தியைச் சுருதி சேர்க்கும்போது பக்கத்துத் தந்தி கலைவதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். எனவே கடைசி வரை எதையும் ஒட்டிவிடக் கூடாது. ஃபெவிகாலை நீரில் கரைத்து ஊசிமுனையால் தொட்டு வைக்கும் அந்த ஒரு துளிக்காக எல்லாக் கயிறுகளும் காத்துக்கொண்டிருக்கும்.

கயிற்றின் பருமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்து ஆங்கிலக் கடற்படை கயிற்றை விட்டத்தால் அளக்கவில்லை; சுற்றளவால் அளந்தது. ஏட்டில் 6 அங்குலக் கயிறு என்று கண்டால் அதன் விட்டம் 2 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. எங்கள் அளவில் 0.8 மில்லிமீட்டர். இதை அறியாமல் கட்டப்பட்ட மாதிரிகளில் கயிறுகள் மும்மடங்கு தடித்து, கப்பல் ஏதோ நோயில் வீங்கியதுபோல் இருக்கும். பெட்டிகளோடு வரும் நூலிலும் இந்தக் குறை உண்டு. ஆகவே நூலை நாங்களே திரித்தோம். சிறிய பற்சக்கரங்கள் மூன்று கொண்ட ஒரு பொறி. பழைய மின்துளைப்பானின் மோட்டார். தென்னங்கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவுமில்லை. இழையை வலமாக முறுக்கினால் புரியை இடமாக முறுக்க வேண்டும். மூன்று புரிகளைச் சேர்க்கும்போது மீண்டும் வலமாக. ஒவ்வொன்றும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கிறது; அந்த முயற்சியே மற்றதை இறுக்குகிறது. நங்கூரக் கயிறு போன்ற பெரியவற்றில், இப்படித் திரித்த கயிறுகள் மூன்றையே புரிகளாகக் கொண்டு இடமாக முறுக்குவார்கள். சங்கைத்தான் வலம்புரி இடம்புரி என்று பிரித்துப் பழகியிருக்கிறோம். கயிற்றையும் அப்படியே பிரிக்கலாம்.

சொற்களைத் தொட்டுவிட்டதால் சற்று விலகிச் செல்கிறோம். பாய்மரத்துக்குச் சங்கத் தமிழில் கூம்பு என்ற தனிச்சொல் உண்டு. புறநானூற்றின் 30-ஆம் பாட்டில், பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் ஆற்று முகத்துள் நுழைகிறது ஒரு பெருங்கலம். ஆனால் பாயின் கீழ்மூலையை இழுக்கும் கயிற்றுக்கோ பாயை ஏற்றும் கயிற்றுக்கோ இலக்கியத்தில் சொல் தேடிப் பயனில்லை என்று எண்ணிப் பேரகராதியைப் புரட்டியபோது, மாலுமிகளின் சொற்கள் அங்கே அமைதியாக இருந்தன. பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டை பருமல். அதை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலைக் கயிறு தாமான். இவற்றைக் கவிஞர்கள் சொன்னதாகத் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் லஸ்கர் மாலுமிகள் பேசிய கப்பல் மொழிக்கென்றே தாமஸ் ரோபக் 1811-இல் ஓர் அகராதி தொகுத்தார். கப்பலில் சொல் தவறினால் ஆள் விழுவான் என்பதே அதன் தேவை. எங்கள் வரைபடத்தின் எண்களுக்கு அருகில் பென்சிலால் இச்சொற்களை எழுதி வைத்தோம். எண் மறந்தாலும் ஆஞ்சான் மறக்கவில்லை.

இனி, கப்பல் மேல்தட்டிலிருந்து இறங்கிய காரணம். எங்களில் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. யாருக்கு என்பது இக்கட்டுரைக்குத் தேவையில்லை. ஓய்வில் இருக்கும்போது அந்தக் கை அமைதியாக இருக்கும். கோப்பையை எடுக்கும்போதும் கையெழுத்திடும்போதும் நடுங்கும். சிறு வேலைக்கு நீட்டும்போது அதிகம். உயிருக்கு ஆபத்தானதன்று என்றார் மருத்துவர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடக்கூடும் என்றும் சொன்னார். அன்று மாலை வீடு திரும்பியதும் அவர் நாற்காலி போட்டு ஏறி, கப்பலை இறக்கி, தூசியைத் துடைத்து மேசையில் வைத்தார். அதைப் பற்றி நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

நடுங்கும் கைக்கேற்ற வேலைகள் கயிறு கட்டுவதிலும் இருக்கின்றன. மணிக்கட்டை மேசைமேல் ஊன்றிக்கொண்டு, கப்பலுக்கு வெளியே, ஒரு மரத்துண்டில் ஆணியடித்துச் செய்யக்கூடியவை அவை: கப்பிகளுக்கு வளையம் கட்டுவது, நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறடக்குவது, டெட் ஐ எனப்படும் மூன்று துளை வட்டக் கட்டைகளைக் கயிற்றின் நுனியில் பொதிவது. இந்தக் கட்டை மேலொன்று கீழொன்றாக இருக்கும். இடையே ஆறு முறை ஓடும் மெல்லிய கயிறு பக்கக் கயிற்றை இறுக்கும். முகத்தில் இரு கண்ணும் ஒரு வாயும் போல் துளைகள். மண்டையோட்டைப் பார்ப்பதுபோல் இருக்கும், பெயரும் அங்கிருந்தே வந்திருக்கலாம். மேல்கட்டைகள் அனைத்தும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டு துண்டுக் கம்பியை வளைத்து இடைவெளிக்கு ஓர் அளவுகோல் செய்துகொண்டால் மட்டம் தானே வரும். இவ்வளவையும் பகிர்ந்துகொண்டோம். ஒருவர் சாமணத்தால் பிடிப்பார், மற்றவர் சுற்றுவார். எது யார் கை என்பது சில நாட்களில் மறந்தே போயிற்று.

படிக்கயிறுகள் வந்தபோது அந்த ஏற்பாடு நின்றது.

பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படிபோல் கட்டப்படுபவை படிக்கயிறுகள். மாலுமிகள் அவற்றில் மிதித்துத்தான் மேலே ஏறினார்கள். உண்மைக் கப்பலில் படிக்கும் படிக்கும் இடையே 13 அங்குலம் அளவு. எங்கள் கப்பலில் ஐந்தரை மில்லிமீட்டர். நூல் 0.2 மில்லிமீட்டர். ஓரத்துக் கயிறுகளில் கண்ணி; நடுக்கயிறு ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றுச் சுற்றித் தன்மேலேயே மடக்கி இழுக்கும் முடிச்சு, குளோவ் ஹிட்ச். எண்ணிப் பார்த்ததில் 600-க்கும் மேல். அட்டையில் கோடிட்டுப் பின்னால் வைத்துக்கொண்டு கீழிருந்து மேலாகக் கட்டுவது முறை. சற்று அதிகமாக இழுத்தால் பக்கக் கயிறுகள் உள்வாங்கி உடுக்கையின் இடைபோல் ஆகிவிடும். குறைவாக இழுத்தால் படிகள் தொங்கும்.

கை நடுங்குபவர் இதைத் தாமே கட்டுவதாகச் சொன்னார். முழுவதையும். மற்றவர் நூலை மட்டும் நீட்டினால் போதும்.

முதல் நாள் மூன்று படிகள். இரண்டாம் நாள் இரண்டு. முடிச்சுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. ஆனால் படிகள் அட்டையின் கோட்டோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. ஒன்று அரை மில்லிமீட்டர் ஏறியிருந்தது, இன்னொன்று இறங்கியிருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வலையில் ஒரு சிறு அலை.

"இந்த நான்கை மட்டும் பிரித்துக் கட்டிவிடலாமா?"

"பிரித்தால் மறுபடியும் நான்தான் கட்டுவேன். மறுபடியும் இப்படித்தான் வரும்."

இதன்பின் ஒரு வாரம் மேசையில் யாரும் உட்காரவில்லை. நேர்த்தி குலைவதைப் பொறுப்பது மற்றவருக்கு எளிதாக இல்லை. ஓராண்டு உழைத்த கப்பல். இரவில் தனியே அமர்ந்து பிரித்துக் கட்டினால் காலையில் தெரியவா போகிறது என்ற எண்ணமும் வந்தது. தெரியும் என்பதே பதில். அந்த விரல்கள் தம் ஒவ்வொரு முடிச்சையும் அறிந்திருந்தன. ஆனால் எண்ணம் அங்கேயே நின்றதற்கு அது காரணமன்று. உண்மைக் கப்பலில் படிக்கயிறு ஒவ்வொன்றும் மிதிபட்டுத் தேய்ந்து, அவ்வப்போது புதிதாகக் கட்டப்பட்டது. கட்டியவர்களும் ஒரே கையினர் அல்லர். கூர்ந்து நோக்கினால் பழைய கப்பற் புகைப்படங்களில் படிகள் தொய்ந்தும் சாய்ந்தும்தான் இருக்கின்றன. அளவுகோல் வைத்ததுபோல் நேராக இருப்பவை மாதிரிகளில்தான். இது சமாதானம் என்று ஒருவர் சொல்லக்கூடும். எங்களில் ஒருவர் அப்படித்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. எட்டாம் நாள் நூல் நீட்டப்பட்டது.

அந்த மாதங்களில் ஃபிட்ஸ்ராயின் பயண நூலையும் மெல்ல வாசித்தோம். 1839-இல் வெளிவந்தது. 1833 ஜனவரி 13 அன்று கேப் ஹார்ன் அருகே கப்பலை மூன்று பேரலைகள் அடுத்தடுத்துத் தாக்கிய இடம் அதில் வருகிறது. மூன்றாவது அலையில் கப்பல் முழுதாகச் சாய்ந்து, ஒரு பக்கத்து அரண் நீருக்குள் போய்விட்டது. அந்தப் பக்கத்துப் படகு நொறுங்கியது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. இதை முன்பும் எங்கோ படித்திருந்தோம். அப்போது அது டார்வின் பிழைத்த கதை மட்டும். இப்போது கயிறு கட்டிய கையோடு படிக்கையில் வேறொன்று கண்ணில் பட்டது. கப்பல் சாயும்போது கீழ்ப்பக்கத்துப் பக்கக் கயிறுகள் தளர்ந்து தொங்கும். மேல்பக்கத்தவை மட்டுமே மரங்களின் முழுப் பாரத்தையும் தாங்கும். அந்த நேரத்தில் பிடித்து நின்றவை, ஒரு பக்கத்தின் சில கறுத்த கயிறுகளும் அவற்றின் நுனியில் மூன்று துளைக் கட்டைகளும். எங்கள் மாதிரியின் ஒரு பக்கத்துக் கயிறுகளை விரலால் தொட்டுப் பார்த்தோம். அவை எதையும் தாங்கவில்லை. ஆனாலும் விறைப்பாக இருந்தன.

மூன்றாம் மரமாகிய மிசன், டார்வின் இருந்த பின்னறையின் ஊடே இறங்கியது. வரைபட மேசைக்கு மேலே அவர் தொங்குபடுக்கை கட்டிக்கொண்டார். கால் நீட்ட இடம் போதாமல் ஓர் இழுப்பறையைக் கழற்ற வேண்டியிருந்தது. மரத்தின் அந்தப் பகுதி மாதிரியில் வெளியே தெரியாது. தெரியாத இடத்துக்கு மெருகேற்றுவது வீண் என்று வாதிடுபவர் எங்களில் ஒருவர். மற்றவர் அதற்கும் எண்ணெய் தேய்த்தார். ஸ்னோ ஹாரிஸ் என்பவரின் இடிதாங்கிச் செப்புப் பட்டைகள் பீகிளின் பாய்மரங்களில் பதிக்கப்பட்டிருந்தன. அதற்கு அரை மில்லிமீட்டர் செப்பு நாடா. பாய்கள் கட்டவில்லை. பாய் கட்டினால் கயிறுகள் மறைந்துவிடும். மொரீஷியஸின் புகழ்பெற்ற மாதிரிக் கப்பல் பட்டறைகளில் பாய்த்துணியைத் தேநீரில் நனைத்துப் பழமையேற்றுவது வழக்கமாயிருந்தது. அங்கே கயிறு கட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அந்தக் கப்பல்களின் படங்களைப் பார்த்து ஏங்கியதுண்டு. ஆயினும் எங்கள் பீகிள் வெறுங்கட்டையாகவே நிற்கிறது, துறைமுகத்தில் நிற்பதுபோல்.

எதிர்பாராத ஒன்று ஐப்பசியில் நடந்தது. எங்கள் வீடு கடலுக்கு அருகில். இயற்கை நாரால் திரித்த கயிறு ஈரம் பட்டால் நீளத்தில் சுருங்கும். உண்மைக் கப்பல்களில் மழை வந்தால் கயிறுகளைத் தளர்த்திவிட ஆள் ஓடுவார்கள். மாதிரிக்கும் அதே விதி. பருத்தியில் திரித்த எங்கள் கயிறுகள் அடைமழை நாட்களில் கிண்ணென்று இறுகின. தையில் மெல்ல இளகின. முன்கயிற்றின் இழுப்பில் முதல் பாய்மரம் மயிரிழையளவு முன்னே சாய்வதைச் சுவரிலுள்ள செங்குத்துக் கோட்டோடு ஒப்பிட்டுக் கண்டோம். பாலியெஸ்டர் நூல் என்றால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும் என்பது மாதிரி செய்வோர் அறிந்ததே. அலமாரிக்குள் இருந்துகொண்டு மழையை உணரும் கப்பல் எங்களுக்குப் பிடித்திருப்பதால் மாற்றவில்லை.

ஓடும் கயிறுகளில் இப்போது சிலவே முடிந்திருக்கின்றன. கப்பலின் ஓரத்தில் வரிசையாகச் செருகிய முளைகளில் அவற்றைச் சுற்ற வேண்டும்; எஞ்சிய நீளத்தைத் தனியே வளையமாகச் சுருட்டி முளையில் மாட்ட வேண்டும். எந்தக் கயிறு எந்த முளைக்கு என்பது கப்பலுக்குக் கப்பல் பெரிதாக மாறாது; மேற்பாய்க்குரியவை பொதுவாகப் பின்தள்ளிய முளைகளில் இருக்கும். நேற்றுவரை வேறொரு கப்பலில் இருந்தவன், நள்ளிரவுப் புயலில் விளக்கின்றிக் கைநீட்டினாலும் தன் கயிற்றைத் தொட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எங்களில் ஒருவர் அதைச் சோதித்துப் பார்த்தார். நடுங்கும் விரல் முளைகளின்மேல் ஒவ்வொன்றாகத் தட்டிச் சென்று, நடுமரத்து ஆஞ்சானில் நின்றது.

முன்மரத்திலும் நடுமரத்திலும் படிக்கயிறுகள் முடிந்துவிட்டன. மிசனின் வலப்பக்கமும் முடிந்தது. இன்று காலை இடப்பக்கத்தில் ஒன்பதாம் படி. இன்னும் ஐந்து இருக்கின்றன. பிறகு பருமல்களை ஏற்ற வேண்டும்.